பகலில் மட்டும் நெட்வொர்க் திணறுகிறது, இரவில் வந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை

நாடாமுடிச்சு | திங்கள், காலை 11:42

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை. கணினி, பிரிண்டர், நெட்வொர்க், ஏ.சி. ரிமோட்டின் பேட்டரி வரை எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். மூன்று வாரமாக ஒரே தலைவலி.

இரண்டு தளம், ஏறக்குறைய 80 இருக்கைகள். ரேக்கில் ஒரு கோர் சுவிட்ச் (லேயர் 3, அதாவது ரவுட்டர் வேலையும் பார்க்கும்), அதிலிருந்து தளத்துக்கு இரண்டாக நான்கு 24 போர்ட் கிகாபிட் சுவிட்ச்கள், கேமராக்களுக்குத் தனியாக ஒரு பி.ஓ.ஈ. சுவிட்ச் (லேன் வயரிலேயே மின்சாரமும் தரும்). இணைய லைன் 200 மெகாபிட் ஃபைபர். மேஜைக்கு மேஜை ஐ.பி. போன் உண்டு. பெரும்பாலான கணினிகளுக்கு நெட் அந்தப் போன் வழியாகத்தான் போகிறது, ஏனென்றால் சுவரில் ஒரே ஒரு பாயின்ட்.

காலை 9 மணி தாண்டியதும் கணக்குப் பிரிவிலிருந்து முதல் போன் வரும். "டேலி தொங்குதுங்க." அப்புறம் மெர்ச்சன்டைசிங், அப்புறம் ஷிப்பிங். போனில் பேசினால் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போல இருக்கும். சில நிமிடம் தானாகவே சரியாகும், மறுபடி படுத்துக்கொள்ளும். சுவிட்சைப் பார்த்தால் எல்லா விளக்கும் தீபாவளி மாதிரி மின்னுகிறது.

ஃபயர்வாலில் இணையப் பயன்பாடு 25, 30 மெகாபிட்டைத் தாண்டவில்லை. ஆகவே லைன் மேல் குற்றமில்லை. எல்லா இயந்திரத்திலும் ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன் ஓட்டிவிட்டேன், சுத்தம். டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் 1 சதவீதம்கூடக் காட்டவில்லை. கோர் சுவிட்சை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் நன்றாக ஓடுகிறது.

ஆற அமரப் பார்க்கலாம் என்று இரவு 8 மணிக்கு உட்கார்ந்தால் ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் அப்படியே. முதலாளி என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டார். எங்கே தொடங்குவது?

---

மின்மினி10 | திங்கள், காலை 11:58

யாரோ டோரன்ட் போட்டிருக்கிறார்கள். பகலில் மட்டும் வருகிறது என்றால் ஆள் இருக்கும்போது வருகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு கணினியாகக் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள், மாட்டிக்கொள்வார்.

---

பழைய_கேபிள் | திங்கள், மதியம் 12:31

தம்பி, டோரன்ட் என்றால் ஃபயர்வால் கிராஃபில் தெரிந்திருக்குமே. அவர்தான் 30 மெகாபிட் என்கிறாரே.

எனக்கு இது லூப் (வயர் வட்டமாகி, அனுப்பியதே திரும்பத் திரும்பச் சுற்றுவது) மாதிரி தெரிகிறது. ஐ.பி. போனுக்குப் பின்னால் இரண்டு ஓட்டை உண்டு, ஒன்று சுவருக்கு, இன்னொன்று கணினிக்கு. கூட்டிப் பெருக்க வருகிறவர் கீழே தொங்கும் வயரைப் பார்த்து, பாவம், நல்லெண்ணத்தில் அதையும் சுவரில் சொருகிவிடுவார். முடிந்தது கதை. ஈதர்நெட் சட்டகத்துக்கு, அதாவது லேன் வயரில் போகும் தரவுப் பொட்டலத்துக்கு, ஆயுள் கணக்கு கிடையாது. ஐ.பி. பாக்கெட்டுக்காவது ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று ஒன்றாகக் குறைந்து கடைசியில் செத்துப்போகும் ஏற்பாடு உண்டு. சுவிட்ச் வேலை செய்யும் இரண்டாம் அடுக்கில் அதுவும் இல்லை, சுற்ற ஆரம்பித்தால் வயரைப் பிடுங்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் ரேடியா பெர்ல்மன் என்ற கணினி அறிஞர் 1985-இல், லூப்பைக் கண்டால் ஒரு வழியைத் தானாக அடைக்கும் ஸ்பேனிங் ட்ரீயை எழுதினார். ஆனால் மலிவு விலைச் சுவிட்ச் ஒன்று மேஜைக்கடியில் இருந்துவிட்டால் அதன் வேலையும் கெட்டுப்போகும்.

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2002 நவம்பரில் பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையின் நெட்வொர்க் முழுக்க ஸ்பேனிங் ட்ரீ சிக்கலால் விழுந்தது. ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் காகிதத்தில் எழுதிக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் ஈரோட்டில் வேலை பார்த்த இடத்தில் இதே கதை ஒரு காபி மெஷின் பக்கத்தில் இருந்த 5 போர்ட் சுவிட்சால் வந்தது. கண்டுபிடிக்க ஒன்றரை நாள் ஆயிற்று.

மேஜைக்கடியில் குனிந்து பாருங்கள். முதுகு வலிக்கும், வேறு வழியில்லை.

---

முனைக்காற்று | திங்கள், மதியம் 1:15

யாழ்ப்பாணத்திலிருந்து. லூப் எண்டால் விட்டு விட்டு வராது, இரவில் தானாக அடங்கவும் மாட்டாது. ஆனாலும் பழைய_கேபிள் அண்ணை சொன்னதைப் பார்த்துவிடுவது நல்லது, செலவில்லாத வேலை.

நாடாமுடிச்சு, இலக்கம் ஏதும் இல்லாமல் நாங்கள் எல்லாரும் சோதிடம்தான் பார்க்கலாம். மூன்று விடயம் தாருங்கள்.

ஒன்று, ஒவ்வொரு போர்ட்டிலும் உள்ளே வருவது எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு. மொத்தத் தொகை வேண்டாம், போர்ட் வாரியாக வேண்டும். இரண்டாவது, அதில் பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் போவது) எத்தனை, மல்டிகாஸ்ட் (ஒரு குழுவுக்கு) எத்தனை, யூனிகாஸ்ட் (ஒருவருக்கு மட்டும்) எத்தனை. மூன்றாவது, எந்த மேசைகளில் இருந்து முறைப்பாடு வருகிறது, எந்த மேசைகளில் இருந்து வரவே இல்லை. கடைசியாகச் சொன்னதை எல்லாரும் விட்டுவிடுவார்கள். முறைப்பாடு சொல்லாதவர்தான் சில நேரம் முக்கியமான சாட்சி.

---

மின்மினி10 | திங்கள், மதியம் 1:40

விண்டோஸ் அப்டேட்டாகவும் இருக்கலாம். ஒரு கணினி இறக்கியதை இன்னொன்றுக்குக் கொடுக்கும் வசதி இருக்கிறதே, 7680 போர்ட்டில் ஓடும். அது ஃபயர்வாலைத் தாண்டாது, உள்ளேயே சுற்றும்.

---

முனைக்காற்று | திங்கள், மதியம் 1:52

இது நல்ல யோசனை. ஆனால் அப்படியென்றால் அந்தக் கணினிகளின் டாஸ்க் மேனேஜரில் தெரிய வேண்டும். அவர் 1 சதவீதம் என்கிறார். இந்த 1 சதவீதம்தான் என்னை உறுத்துகிறது. சுவிட்சில் விளக்கு வெறி கொண்டு மின்னுகிறது, கணினியோ எனக்கு ஒன்றும் வரவில்லை என்கிறது. இரண்டில் ஒன்று பொய் சொல்ல வேண்டும், அல்லது இரண்டும் உண்மையாக இருக்க ஒரு வழி இருக்க வேண்டும்.

---

நாடாமுடிச்சு | செவ்வாய், மதியம் 12:20

முதுகு வலிக்கிறது அண்ணே. 80 மேஜைக்கும் அடியில் போய் வந்துவிட்டேன். லூப் இல்லை. ஒரு பழைய டிபன் பாக்ஸ் கிடைத்தது, உரியவரிடம் ஒப்படைத்தேன். ஸ்பேனிங் ட்ரீ பதிவில் மூன்று வாரமாக மாற்றம் எதுவும் இல்லை. ஸ்டார்ம் கன்ட்ரோல் (வெள்ளம் வந்தால் அடக்கும் வசதி) போட்டிருக்கிறேன், அது ஒருமுறைகூட விழித்துக்கொள்ளவில்லை.

முனைக்காற்று கேட்ட கணக்கு. காலை 10:15-க்கு எடுத்தது.

போன் மாட்டிய போர்ட்கள் எல்லாவற்றிலும் வெளியே போவது (சுவிட்சிலிருந்து போனை நோக்கி) 97, 98 மெகாபிட். உள்ளே வருவது 1 மெகாபிட்டுக்கும் குறைவு. போன் இல்லாமல் நேரடியாகக் கணினி மாட்டிய போர்ட்களில் வெளியே போவது 108, 110. பிரிண்டர் போர்ட்டிலும் கிட்டத்தட்ட அதே. யாருமே இல்லாத கூட்ட அறையில் அணைந்துகிடக்கும் டி.வி.யின் போர்ட்டிலும் அதே! பிராட்காஸ்ட் மிகக் குறைவு, நொடிக்கு 20, 30. எல்லாமே யூனிகாஸ்ட் கணக்கில்தான் ஏறுகிறது.

முறைப்பாடு: போன் வழியாக நெட் வாங்கும் மேஜைகள் அனைத்தும். நேரடியாகச் சுவரில் மாட்டிய ஏழெட்டு கணினிகள் இருக்கின்றன (டிசைன் பிரிவு, பெரிய கோப்புகள் என்பதால் தனி பாயின்ட் இழுத்தோம்), அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நானாகப் போய்க் கேட்டேன். "நெட்டா? நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள்.

நம் போன்கள் பழையவை, 100 மெகாபிட்தான். இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

---

சுழியன் | செவ்வாய், மதியம் 12:44

கேமரா இருக்கிறது என்கிறீர்கள். கடவுச்சொல்லை மாற்றினீர்களா? 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமரா, டி.வி.ஆர்., ரவுட்டர்களைத்தான் பிடித்துப் படை திரட்டியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டின் என்ற டி.என்.எஸ். (தளப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) நிறுவனத்தை அடித்து, அமெரிக்காவில் பல பெரிய தளங்கள் திறக்காமல் போயின. அதற்கும் முன்பு 2003 ஜனவரி 25-இல் ஸ்லாமர் புழு. வெறும் 376 பைட், ஒரே யு.டி.பி. (பதிலுக்குக் காத்திராமல் அனுப்பும் முறை) பாக்கெட்டில் அடங்கிவிடும், 1434 போர்ட். அதற்கான பேட்ச் ஆறு மாதம் முன்பே வந்துவிட்டது, பலர் போடவில்லை.

எனக்கு இது தாக்குதல் போலத்தான் தெரிகிறது. முதலில் கேமரா எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள்.

---

பழைய_கேபிள் | செவ்வாய், மதியம் 1:05

ஸ்லாமர், மிராய் இரண்டும் வெளியே, இணையத்துக்குப் பாயும். இவருக்கு வெளியே 30 மெகாபிட்தான் போகிறது. வரலாறு நன்றாகத்தான் இருக்கிறது சுழியன், ஆனால் நோயாளி வேறு.

லூப் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். லூப் என்றால் பிராட்காஸ்ட் கணக்கு கூரையைத் தொட்டிருக்கும்.

---

முனைக்காற்று | செவ்வாய், மதியம் 1:30

அணைந்துகிடக்கும் டி.வி.யின் போர்ட்டிலும் 108! இதைவிட நல்ல தடயம் கிடையாது.

எல்லாப் போர்ட்டிலும் ஒரே அளவு வெளியே போகிறது, எதிலும் பெரிதாக உள்ளே வரவில்லை. ஆக ஒரே வெள்ளம் எல்லா வாசலிலும் ஊற்றப்படுகிறது. பிராட்காஸ்ட் இல்லை, யூனிகாஸ்ட். ஒருவருக்கு மட்டும் போக வேண்டிய பொருள் ஊருக்கே போகிறது.

சுவிட்ச் எப்படி ஆளைத் தெரிந்துகொள்கிறது? யார் எந்தப் போர்ட்டிலிருந்து பேசினாரோ, அவருடைய மேக் முகவரியை (லேன் கார்டின் அடையாள எண்) அந்தப் போர்ட்டுக்கு நேரே எழுதி வைத்துக்கொள்ளும். பேச்சைக் கேட்டால்தான் வீடு தெரியும். அவர் 5 நிமிடம் வாயே திறக்கவில்லை என்றால் எழுதியதை அழித்துவிடும். பெரும்பாலான சுவிட்ச்களில் 300 விநாடிதான் இயல்புக் கணக்கு. அதன் பிறகு அவருக்கு ஒரு பொதி வந்தால் வீடு எது எண்டு தெரியாது, தெருவுக்கே தண்டோரா போடும். உரியவர் பதில் சொன்னால் மறுபடி எழுதிக்கொள்ளும். பதிலே சொல்லாமல் வாங்கிக்கொண்டே இருக்கும் ஒருத்தர் இருந்தால்? தண்டோரா நிற்கவே நிற்காது.

டாஸ்க் மேனேஜர் 1 சதவீதம் காட்டுவதும் இப்போது பொருந்துகிறது. கணினியின் லேன் கார்டு, தனக்கு எழுதப்படாத சட்டகத்தை வாசலிலேயே தள்ளிவிடும், விண்டோஸுக்குத் தெரியவே வராது. ஆனால் வயர் நிறைந்ததுதான். 1000 மெகாபிட் வயருக்கு 108 தூசு. 100 மெகாபிட் போனுக்கு 108 கழுத்தளவு வெள்ளம்.

உங்கள் ஸ்டார்ம் கன்ட்ரோல் ஏன் தூங்கியது என்றால், பிராட்காஸ்டுக்கு மட்டும் போட்டிருப்பீர்கள்.

ஒரு மடிக்கணினியைச் சும்மா ஒரு சுவர்ப் பாயின்டில் மாட்டி வயர்ஷார்க்கை (வயரில் போவதைப் படித்துக்காட்டும் மென்பொருள்) திறவுங்கள், ப்ராமிஸ்குவஸ் நிலையில், அதாவது தனக்கில்லாததையும் வாங்கும்படி. ஒரு நிமிடம் போதும். உங்களுக்கு எழுதப்படாத கடிதங்களில் யார் பெயர் இருக்கிறது எண்டு பார்த்துச் சொல்லுங்கள்.

---

நாடாமுடிச்சு | செவ்வாய், மாலை 4:50

பார்த்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் யு.டி.பி., ஏறக்குறைய 1400 பைட். அனுப்புகிறவை 192.168.20 வரிசையில் 36 முகவரிகள். பெறுபவர் ஒருவரே, 192.168.10.50. அது எங்கள் கேமரா ரெக்கார்டர். 36 கேமரா, தலைக்கு 3 மெகாபிட், மொத்தம் 108. கணக்குக்கூடச் சரியாக வருகிறது.

ஆனால் புரியவில்லை. கேமராக்கள் விலேன் 20-இல், ஊழியர்கள் விலேன் 10-இல் (விலேன் என்பது அதே சுவிட்ச்களுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்). அனுப்புநர் மேக் முகவரி கேமராவுடையது இல்லை, எங்கள் கோர் சுவிட்சுடையது. அது பைத்தியமாகிவிட்டதா? ரெக்கார்டர் எப்போதும் போல ஒழுங்காகப் பதிவு செய்கிறது, ஒரு நொடிகூட விடுபடவில்லை.

இன்னொன்று. சொன்னால் சிரிப்பீர்கள். முதலாளி தன் அறையில் போனில் கேமராவைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் நெட் சரியாகிவிடுகிறது. கணக்குப் பிரிவு அம்மா மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் நம்பவில்லை. இன்று நானே பார்த்தேன்.

---

மின்மினி10 | செவ்வாய், மாலை 4:58

முதலாளி கண்ணுக்குப் பயந்து பாக்கெட்டெல்லாம் ஒழுங்காகப் போகிறது போல. இதற்கு மருந்து கிடையாது நண்பரே.

---

முனைக்காற்று | செவ்வாய், மாலை 5:20

சிரிக்காதேங்கோ. கணக்குப் பிரிவு அம்மாவை உடனே நெட்வொர்க் பிரிவுக்கு மாற்றுங்கள்.

ரெக்கார்டர்தான் அந்த வாய் திறக்காத ஆள். முதலாளி கேமராவைத் திறந்தால் அது அவருக்குப் படம் அனுப்ப வேண்டும், வாயைத் திறக்கிறது, சுவிட்ச் அதன் வீட்டைக் குறித்துக்கொள்கிறது, தண்டோரா நிற்கிறது. அவர் மூடி 5 நிமிடத்தில் மறுபடி தொடக்கம்.

அப்போ இரவில் யார் பார்க்கிறார்கள்?

---

நாடாமுடிச்சு | செவ்வாய், மாலை 5:31

வாட்ச்மேன் அண்ணன்!

கேட் அறையில் ஒரு திரை இருக்கிறது. இரவு 7 மணிக்கு வந்ததும் போடுவார், காலை 9 மணிக்கு ஷிப்ட் முடிந்து போகும்போது அணைத்துவிட்டுப் போவார். ஞாயிறு முழுக்கப் போட்டிருப்பார், அன்று கேட்டில் அவர் ஒருவர்தான். கைகால் ஓடவில்லை எனக்கு.

---

தூங்காக்கடல் | செவ்வாய், இரவு 9:10

சிங்கப்பூரிலிருந்து, ஒரு டேட்டா சென்டரில் இரவு ஷிப்ட். இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்ததில் காபி ஆறிவிட்டது.

இரண்டு சந்தேகம்.

முதலாவது, ரெக்கார்டர் ஏன் வாய் திறக்கவில்லை? கேமராவிடம் படம் கேட்பதற்காவது அது பேசியாக வேண்டும். பேசுகிறது, ஆனால் வேறு வாசல் வழியாகப் பேசுகிறது என்பது என் ஊகம். அதில் எத்தனை லேன் வயர் மாட்டியிருக்கிறது? ஒன்று விலேன் 10-இலும் இன்னொன்று விலேன் 20-இலும் இருந்தால் எல்லாம் விளங்கிவிடும். கேட்பது 20 வழியாக, வாங்குவது 10 வழியாக. பத்தின் பக்கம் அது காது மட்டும்தான்.

கோர் சுவிட்ச் பைத்தியமாகவில்லை. அது ரவுட்டர் வேலை பார்க்கும்போது ரெக்கார்டரின் ஐ.பி.க்கு எது மேக் முகவரி என்பதை ஏ.ஆர்.பி. பட்டியலில் வைத்திருக்கிறது. சிஸ்கோ சுவிட்ச்களின் இயக்க மென்பொருளான ஐ.ஓ.எஸ்.-இல் அந்தப் பட்டியலின் ஆயுள் இயல்பாக 4 மணி நேரம். மேக் பட்டியலின் ஆயுளோ 5 நிமிடம். ஆகவே முதல் 5 நிமிடத்துக்குப் பிறகு, மீதி 3 மணி 55 நிமிடத்துக்கு அதற்கு ஆளின் பெயர் தெரியும், வீடு தெரியாது. இந்த இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போகாததுதான் பிரச்சினை. இது பழுது இல்லை, இயல்பு அமைப்பே அப்படி.

இரண்டாவது சந்தேகம். முதல் பதிவில் "சில நிமிடம் தானாகவே சரியாகும்" என்றீர்கள். யாரும் கேமரா பார்க்காதபோதும் அப்படி ஆகிறதா? கிராஃப் இருந்தால் 5 நிமிட சராசரி வேண்டாம், 1 நிமிடமாக எடுங்கள்.

---

நாடாமுடிச்சு | புதன், காலை 10:55

தூங்காக்கடல், நேரில் வந்து பார்த்தது போலச் சொல்லிவிட்டீர்கள்.

ரெக்கார்டர் ஒரு லினக்ஸ் கணினிதான், பின்னால் இரண்டு வயர். இரண்டாவது வயர் எனக்குத் தெரியாமல் வந்தது. மூன்று வாரம் முன்பு கேமரா ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர் வந்து "வேகமாக இருக்கட்டும்" என்று நேராகப் பி.ஓ.ஈ. சுவிட்சுக்கு ஒரு வயர் போட்டு 192.168.20.5 என்று முகவரி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எண்ணம் சரியானதுதான். ஆனால் பதிவு மென்பொருளில் பழைய முகவரி, அதாவது 10.50, கட்டிப்போட்டபடியே இருக்கிறது. அது பழைய முகவரியைக் கையெழுத்தாகப் போட்டுப் புது வாசல் வழியே கடிதம் அனுப்புகிறது. கேமரா பழைய முகவரிக்குப் பதில் போடுகிறது, கோர் சுவிட்ச் வழியாக.

கோரில் பார்த்தேன். ஏ.ஆர்.பி. பட்டியலில் 10.50 இருக்கிறது, வயது 143 நிமிடம். மேக் பட்டியலில் அந்த முகவரி இல்லவே இல்லை.

பிறகு கோரிலிருந்து ரெக்கார்டருக்கு ஒரே ஒரு பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சிறு பாக்கெட்) அடித்தேன். அது பதில் சொன்ன கணமே 24 போர்ட்டின் விளக்கும் அடங்கியது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 5 நிமிடம். ஒரே நேரத்தில் எல்லாம் மறுபடி வெறி பிடித்து மின்னியது. ஆறு முறை செய்து பார்த்தேன், விளையாட்டுப் பிள்ளை மாதிரி.

1 நிமிடக் கிராஃபும் எடுத்தேன். 12 நிமிடம் வெள்ளம், 5 நிமிடம் அமைதி, மறுபடி 12, மறுபடி 5. பல்வரிசை போல இருக்கிறது. பழைய 5 நிமிட சராசரியில் இது மழுங்கிப்போய்த் தெரியவே இல்லை.

---

தூங்காக்கடல் | புதன், காலை 11:08

12-உம் 5-உம் 17. என்.டி.பி. (கணினிக் கடிகாரத்தைச் சரிபார்க்கும் சேவை) நேரக்கணக்கு நிலைபெற்ற பிறகு 1024 விநாடிக்கு ஒருமுறை நேரம் கேட்கும். 17 நிமிடம் 4 விநாடி. உங்கள் ரெக்கார்டர் விலேன் 10 பக்கம் வாய் திறப்பது மணி என்ன என்று கேட்க மட்டும்தான்.

---

பழைய_கேபிள் | புதன், காலை 11:30

முப்பது வருடமாக வயர் இழுக்கிறேன். மணி கேட்டதால் நெட்வொர்க் பிழைத்தது என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

---

சுழியன் | புதன், மதியம் 12:02

ஒரு கேள்வி, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். லினக்ஸில் ஆர்.பி. ஃபில்டர் என்று ஒன்று உண்டு. ஒரு பாக்கெட் எந்த வாசல் வழியாக வந்ததோ, அதே வாசல் வழியாகத் திரும்பப் போக வழி இல்லையென்றால் அதைத் தூக்கி எறிந்துவிடும். கேமரா முகவரிக்குப் போகும் வழி விலேன் 20 வாசல். பாக்கெட் வருவதோ விலேன் 10 வாசல். கடுமையான நிலையில் இருந்தால் ஒரு படம்கூடப் பதிவாகியிருக்கக் கூடாதே?

---

நாடாமுடிச்சு | புதன், மதியம் 12:25

நியாயமான கேள்வி. பார்த்தேன், அதில் 0 (அணைந்த நிலை) என்று இருக்கிறது. 1 (கடுமையான நிலை) என்று இருந்திருந்தால் அந்த ஆள் வயர் போட்ட அன்றே கேமரா நின்றிருக்கும், அன்றே கேட்டிருப்பேன், எனக்கு மூன்று வாரத் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

---

மின்மினி10 | புதன், மதியம் 12:40

சரி, ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ரெக்கார்டரிலிருந்து கேட்வேக்கு ஒரு பிங் போகும்படி கிரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் லினக்ஸ் வசதி) போட்டுவிடுங்கள். ஒரே வரி. வேலை முடிந்தது.

---

பழைய_கேபிள் | புதன், மதியம் 12:52

அது ஒட்டுப்போடுவது. இரண்டு வருடம் கழித்து வேறு ஒருவர் வந்து "இது என்ன தேவையில்லாத பிங்" என்று அந்த வரியை அழிப்பார். அன்றைக்கு அவர் இதே போல ஒரு இழை திறக்க வேண்டியிருக்கும். கோரில் மேக் ஆயுளை 4 மணி நேரத்துக்கு மேல் வைத்துவிட்டால் போதும்.

---

தூங்காக்கடல் | புதன், மதியம் 1:10

அல்லது அந்த விலேனில் ஏ.ஆர்.பி. ஆயுளை 300 விநாடிக்குக் கீழே இறக்கலாம். நான் இதைத்தான் விரும்புவேன். மேக் ஆயுளைக் கூட்டினால், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுகிறவர் வாய் திறக்கும்வரை அவருக்கான பாக்கெட் பழைய போர்ட்டுக்கே போய்க்கொண்டிருக்கும். பெரும்பாலும் இடம் மாறியதும் எதையாவது பேசிவிடுவார்கள், அதனால் பெரிய கெடுதல் இல்லை என்பதும் உண்மை. ஏ.ஆர்.பி.யை இறக்கினால் கோருக்குக் கொஞ்சம் வேலை கூடும், 80 பேர் அலுவலகத்தில் அது கணக்கிலேயே வராது.

---

முனைக்காற்று | புதன், மதியம் 1:35

இரண்டுமே சரி, ஆனால் இரண்டும் இரண்டாவது வேலை. முதல் வேலை, மென்பொருளில் கட்டிப்போட்ட முகவரியை 20.5 ஆக மாற்றுவது. அப்போது கேமராப் படம் கோரைத் தொடவே தொடாது, பி.ஓ.ஈ. சுவிட்சுக்குள்ளேயே முடிந்துவிடும். 108 மெகாபிட் ரவுட்டிங் தேவையே இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. அதைச் செய்துவிட்டுக் கடிகாரங்களையும் சரி செய்யுங்கள், நாளைக்கு வேறொரு பெட்டி இதே வேலையைச் செய்யலாம். அதோடு ஊழியர்கள் இருக்கும் விலேனில் ரெக்கார்டர், சர்வர் எல்லாவற்றையும் குடிவைப்பதையும் ஒருநாள் மாற்ற வேண்டும், அது உங்கள் முதலாளியின் மனநிலையைப் பொறுத்தது.

ஒரு விந்தை பார்த்தீர்களா, உங்கள் கண்காணிப்பு மென்பொருளில் ரெக்கார்டரையும் சேர்த்திருந்தால் அது நிமிடத்துக்கு ஒருமுறை பிங் அடித்திருக்கும். பிரச்சினை இருந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது.

---

நாடாமுடிச்சு | வெள்ளி, மாலை 6:15

நேற்று இரவு வாட்ச்மேன் அண்ணன் டீ வாங்கிக் கொடுக்க, முகவரியை 20.5 ஆக மாற்றினேன். கேமரா நான்கு நிமிடம் நின்று திரும்ப வந்தது. கோரில் விலேன் 10-க்கு ஏ.ஆர்.பி. ஆயுளை 240 விநாடி வைத்தேன். கிரான் பிங் போடவில்லை, மின்மினி மன்னிக்கவும். யூனிகாஸ்டுக்கும் ஸ்டார்ம் கன்ட்ரோல் போட யோசித்தேன். எது உரிய யூனிகாஸ்ட், எது வெள்ளம் என்று பிரிக்காமல் ஒட்டுமொத்தமாக அடக்கிவிடும் சுவிட்ச்களும் உண்டு என்று படித்ததால் விட்டுவிட்டேன்.

இன்று காலை 9 மணிக்கு அவர் திரையை அணைத்துவிட்டுப் போனார். நான் ரேக் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். 9:05. 9:10. 9:30. டி.வி. போர்ட்டில் வெளியே போவது 0.1 மெகாபிட். கணக்குப் பிரிவிலிருந்து பிங் 1 மில்லி விநாடி, முன்பு 300, 400 காட்டியது. கேமரா ஒப்பந்தக்காரருக்கு, ரேக்கைத் தொடும் முன் எனக்கு ஒரு போன் போடுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

கணக்குப் பிரிவு அம்மாவிடம் போய் நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன். "அப்படியா, இனி முதலாளி கேமரா பார்க்க வேண்டியதில்லையா?" என்று கேட்டார்.

---

மின்மினி10 | வெள்ளி, மாலை 6:22

அந்த டோரன்ட் ஆள் கடைசிவரை மாட்டவே இல்லை.

---

நாடாமுடிச்சு | செவ்வாய், காலை 10:05

ஒரு சின்னச் சேர்க்கை. ஷிப்பிங்கில் ஒரே ஒரு மேஜையில் மட்டும் இன்னும் மெதுவாக இருக்கிறது என்று நேற்று முறைப்பாடு வந்தது. நேராக வயர்ஷார்க்கைத் திறந்து, ஏ.ஆர்.பி. பார்த்து, மேக் பட்டியல் பார்த்து, அரை நாள் போயிற்று. போர்ட்டில் பிழைக் கணக்கு ஏறிக்கொண்டே இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். நாற்காலிச் சக்கரம் கேபிள் மேல் ஏறி நின்றுகொண்டிருக்கிறது. கேபிளை மாற்றிவிட்டேன்.

---

பழைய_கேபிள் | செவ்வாய், காலை 10:19

குனிந்து பார்க்கச் சொன்னேனா இல்லையா.